மீட்டர் காசு எந்தத் தெருவுக்கு?

தெருவோரம் கார் நிறுத்த மீட்டர் வைத்துக் காசு வாங்கும் வழக்கம் தொடங்கியது அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில், 1935 ஜூலை 16 அன்று. அந்த யோசனையைக் கொண்டுவந்த கார்ல் மாகீ, டீப்பாட் டோம் எண்ணெய் ஊழலைக் கிளறிய பத்திரிகையாசிரியர். ஓர் அமைச்சரையே சிறை வரை கொண்டுபோய்விட்ட விவகாரம் அது. ஓக்லஹோமாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு அவருக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. கடையில் வேலை பார்ப்பவர்களே காலையில் வந்து வாசலை அடைத்துக்கொண்டால், சாமான் வாங்க வருபவர் வண்டியை எங்கே விடுவார்? ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியின் பொறியியல் துறையைச் சேர்ந்த தூசன், ஹேல் இருவரும் மீட்டரை வடிவமைத்துக் கொடுத்தார்கள். மணிக்கு 5 சென்ட். முதலில் தெருவின் ஒரு பக்கம் மட்டும் நட்டார்கள். சில நாட்களிலேயே எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் ‘எங்களுக்கும் வேண்டும்’ என்று வந்து நின்றதாகச் சொல்வார்கள்.

அப்படிக் கேட்டு வாங்கியவர்கள் அபூர்வம். மீட்டர் என்றாலே வியாபாரம் படுத்துவிடும் என்று பதறியவர்களே அதிகம். அந்தப் பயத்தின் கதையைக் கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு கடைத்தெருக்களில் பார்க்கலாம்.

ஒன்று வெஸ்ட்வுட் வில்லேஜ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் புதிய வளாகத்தை ஒட்டி, ஜான்ஸ் சகோதரர்களின் நிறுவனம் 1929-இல் திறந்த கடைத்தெரு. ஸ்பானிய பாணி ஓட்டுக் கூரைகள், கோபுரங்கள், நடந்தே சுற்றிவரக்கூடிய தெருக்கள் என்று கிராமத்துச் சாயலில் திட்டமிட்டுக் கட்டினார்கள். திரைப்பட முதற்காட்சிகளுக்கும் வார இறுதிக் கூட்டத்துக்கும் பேர்போன இடம்.

மற்றொன்று ஓல்ட் பாசடீனா. கொலராடோ சாலையை 1929-இல் அகலப்படுத்தியபோது கட்டடங்களின் முன்பக்கத்தை வெட்டிப் பின்னுக்குத் தள்ளிப் புது முகப்பு வைத்தார்கள். பிறகு வியாபாரம் நகர்ந்தது. 1970-களில் பாதி மூடிய கடைகளும் குடிகாரர்களுமாக நகரம் முகம் சுளிக்கும் பகுதியாகிவிட்டது.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து மெல்ல உயிர் வந்தபோது, கூடவே கார் தொல்லையும் வந்தது. காசு கிடையாது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது என்பது அன்றைய விதி. கடை ஊழியர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: அபராதச் சீட்டு விழாதபடி அவ்வப்போது காரை இடம் மாற்றி நிறுத்தினார்கள். மாகீ எரிச்சல்பட்ட அதே பழைய சிக்கல்! நகராட்சி மீட்டர் என்றதும் வியாபாரிகள் எதிர்த்தார்கள். ஜனங்கள் இலவச பார்க்கிங் உள்ள மால்களுக்குப் போய்விடுவார்கள் என்பது அவர்கள் வாதம். இழுபறி இரண்டு ஆண்டுகள் நீடித்தது.

முடிச்சை அவிழ்த்தது ஒரே ஒரு வாக்குறுதி. மீட்டர் வருமானம் முழுவதும் அந்தப் பகுதிக்கே செலவாகும் என்றது நகராட்சி. 1993-இல் சுமார் 690 மீட்டர்கள் வந்தன. கட்டணம் மணிக்கு ஒரு டாலர். இரவிலும் ஞாயிறன்றும்கூட வசூல் உண்டு. வரப்போகும் வருமானத்தை நம்பி 50 லட்சம் டாலர் கடன் வாங்கி, நடைபாதை போட்டு, மரம் நட்டு, விளக்கு வைத்து, நாற்றமடித்த பின்சந்துகளை நடக்கும் பாதைகளாக்கினார்கள். இந்தக் காசு எதற்குப் போகிறது என்பதை மீட்டரிலேயே ஒட்டியும் வைத்தார்கள். நகராட்சிகள் செய்யும் விளம்பரங்களில் இவ்வளவு உருப்படியானது அதிகம் இராது.

வெஸ்ட்வுட் எதிர்த்திசையில் போனது. மீட்டர் காசு அங்கே மாநகராட்சிக் கணக்குக்குப் போனதால், கட்டணம் கூடினால் கடைக்காரருக்கு நயா பைசா லாபமில்லை. எனவே குறைக்கச் சொன்னார்கள். 1994-இல் மணிக்கு ஒரு டாலராக இருந்த கட்டணம் 50 சென்ட்டாகக் குறைந்தது. இத்தனைக்கும் அதே ஆண்டு எடுத்த கணக்கில், நெரிசல் நேரத்தில் தெருவோர இடங்கள் 96 சதவீதம் நிரம்பியிருந்தன. தெருவை விட்டு உள்ளே இருந்த 3,900 இடங்களில் மூன்றில் ஒரு பங்கு காலி.

மலிவான தெருவோர இடத்துக்காகக் கார்கள் என்ன பாடுபடும் என்பதை பக்கத்திலிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 1980-களிலேயே வெஸ்ட்வுட்டில் அளந்திருந்தார். ஓர் இடம் கிடைக்கச் சராசரியாக 3.3 நிமிடம், அரை மைல் அலைச்சல். பதினைந்து தெருக்கட்டங்களுக்குள் ஆண்டுக்கு 9.5 லட்சம் மைல். நிலவுக்கு இரண்டு முறை போய்த் திரும்பும் தூரம்! ஷூப் 2005-இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, இலவச பார்க்கிங்கின் விலையை உலகமே பேசத் தொடங்கியது. அவர் 2025-இல் காலமானார்.

வெஸ்ட்வுட்டின் சரிவை மீட்டர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. 1988-இல் நடந்த ஒரு துப்பாக்கிச்சூடு கூட்டத்தை மிரட்டியது. சான்டா மோனிகாவின் புதிய நடைவீதி வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டது. ஆனாலும் நடைபாதை பெயர்ந்து கிடந்த நாளில், அதைச் சீர்செய்யத் தெருவுக்கென்று ஒரு வருமானம் வெஸ்ட்வுட்டிடம் இல்லை. பாசடீனாவிடம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் இருந்தது.

பாசடீனா வியாபாரிகள் பயந்த மாலும் நிஜத்தில் இருந்தது. அதே கொலராடோ சாலையில் 1980-இல் நகராட்சி உதவியோடு எழுந்த பிளாசா பாசடீனாவில் பார்க்கிங் இலவசம். மீட்டர் வந்த சில ஆண்டுகளில் ஓல்ட் பாசடீனாவின் விற்பனை வரி அந்த மாலை முந்தியது. மாலை இடித்தார்கள். அந்த இடத்தில், தெருவைப் பார்த்த கடைகளோடு பசேயோ கொலராடோ 2001-இல் திறந்தது.