டிரெய்லர் பேட்டரி மின்னேற்றம்: பழுதறிதல்

இழுக்கும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் எடுத்து, டிரெய்லரிலுள்ள பேட்டரியை ஓட்டத்திலேயே நிரப்பும் முறை இது. டிரெய்லரின் குளிர்பெட்டி, ஹைட்ராலிக் பம்ப், கொக்கி கழன்றால் தானாகப் பிடிக்கும் அவசர பிரேக் ஆகியவை அந்தப் பேட்டரியை நம்பியிருக்கின்றன.

ஜொகூர் மாநிலம் குளுவாங் மாவட்டத்திலுள்ள ரெங்கம், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். டிராக்டரும் டிரெய்லரும் அங்கே அன்றாடக் காட்சி. இரண்டையும் மின்வழியில் இணைக்கும் பரவலான 12என் வகை 7 முனைச் சாக்கெட் விளக்குகளுக்காக அமைந்தது; மின்னேற்றத்துக்கு அதில் தனி முனை இல்லை. விளக்கெல்லாம் எரிந்தும் பேட்டரி நிரம்பாவிட்டால் முதலில் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். 13 முனைச் சாக்கெட்டில் 10ஆம் முனை மின்னேற்றத்துக்கும், 11ஆம் முனை அதன் எர்த்துக்கும் உரியவை.

அடுத்தது மல்டிமீட்டர். நிரம்பிய ஈய-அமில பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை ஓடவிட்டதும் டிரெய்லர் பேட்டரியின் வோல்ட் அளவு சற்றும் ஏறவில்லையா? ஃபியூஸ், ரிலே, பச்சை பிடித்த முனைகள் என வரிசையாகத் தேட வேண்டும்.

ஏறியும் 13 வோல்ட் அளவிலேயே நின்றுவிட்டால் வயர்மீதுதான் சந்தேகம் விழும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக 7 மீட்டர், வர 7 மீட்டர் என ஓடினால் 10 ஆம்பியரில் ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 14.4 வோல்ட் தேவைப்படும் பேட்டரிக்கு 13.4 வோல்ட் போய்ச் சேர்ந்தால் அது அரைகுறையாகவே நிரம்பும். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் இதே இழப்பு சுமார் 0.4 வோல்ட்தான். பேட்டரியை மாற்றியும் குறை தீராததன் காரணம் பல நேரங்களில் மெல்லிய வயரே.

எர்த்தையும் தனியே அளக்க வேண்டும். துருவும் கிரீஸும் படிந்த கொக்கி வழியாக மின்சாரம் திரும்புவதை நம்ப முடியாது; தனி வயரே சரி. ஃபியூஸ் அடிக்கடி எரிகிறதென்று பெரிய ஃபியூஸைப் போட்டால் வயரே தீப்பற்றக்கூடும்.

எரிபொருள் சேமிக்க மின்னழுத்தத்தைத் தாமே குறைக்கும் ஆல்டர்னேட்டர்கள் புதிய வண்டிகள் பலவற்றில் உண்டு. அவற்றோடு சாதாரண ரிலே ஒத்துவராது; டிரெய்லர் பேட்டரிக்கு அருகில் டிசி-டிசி சார்ஜர் பொருத்துவதே தீர்வு.

வடகிழக்குப் பருவமழை ஜொகூரை நவம்பர் முதல் நனைக்கும். அதற்குமுன் சாக்கெட் மூடியின் ரப்பரைச் சரிபார்த்து, முனைகளைத் துடைத்து, ஈரம் காக்கும் கிரீஸ் தடவிவைத்தால் பச்சை பிடிப்பது பெரிதும் குறையும்.