ஓர் அறிவுரை ஊர் சுற்றிய கதை

அது பிறந்தது அமெரிக்காவில். 1950-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்து, பெண்கள் சங்கங்களில் போட்டுக் காட்டின. உங்கள் மார்பகங்களை நீங்களே மாதாமாதம் தடவிப் பாருங்கள் என்பதுதான் சேதி. மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) புழக்கத்துக்கு வராத காலம். விரலை விட்டால் வேறு வழியில்லை.

1974-ல் அந்த அறிவுரைக்குக் கால் முளைத்தது. செப்டம்பரில் அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது; அவர் அதை ஊரறியச் சொன்னார். துணை அதிபர் பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த நெல்சன் ராக்பெல்லரின் மனைவி ஹாப்பி, அந்தச் செய்திக்குப் பிறகு தன்னைச் சோதித்துக் கட்டியைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே அவருக்கும் அறுவை சிகிச்சை.

தடவு என்று சொல்லிவிட்டால் விரலுக்குத் தெரிந்துவிடுமா? ஃப்ளோரிடா பல்கலைக்கழக உளவியலாளர் ஹென்றி பென்னிபேக்கரின் குழு இதைத்தான் கேட்டது. சிலிக்கானில் மார்பக மாதிரி செய்து, உள்ளே சிறு உருண்டைகளைப் புதைத்து, பெண்களைத் தேடவிட்டார்கள். பழகப் பழக விரல் தேறியது. இன்றும் சொல்லித்தரும் முறையில் அந்தப் பாடம் இருக்கிறது. நுனியால் குத்தக் கூடாது. நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் சின்னச் சின்ன வட்டம் போட வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் முதலில் மெல்ல, பிறகு சற்று அழுத்தி, கடைசியில் விலா எலும்பு தட்டுப்படும்வரை. ஏர் உழுகிற மாதிரி மேலும் கீழுமாக, அக்குளில் தொடங்கி நடு நெஞ்செலும்புவரை, காறையெலும்பிலிருந்து மார்பகத்தின் அடிமடிப்பு தாண்டும்வரை. மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் பார்த்தால் வீக்கமும் வலியும் குழப்பாது.

இவ்வளவு நேர்த்தியான முறையைச் சோதித்துப் பார்க்க இடம் கிடைத்தது ஷாங்காய் துணி ஆலைகளில். 1989-ல் தொடங்கிய அந்த ஆய்வில் 2,66,064 பெண்கள். பாதிப் பேருக்குச் சிலிக்கான் மாதிரி வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மேற்பார்வையில் செய்யவைத்தார்கள். மறுபாதிக்கு இந்தப் பயிற்சி இல்லை. 2002-ல் வெளிவந்த முடிவின்படி, மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் பயிற்சி பெற்றோரில் 135 பேர், பெறாதோரில் 131 பேர். உயிர்க் கணக்கில் லாபம் ஒன்றுமில்லை. ஆனால் புற்றுநோயே இல்லாத கட்டிகள் பயிற்சி பெற்றவர்களிடம்தான் அதிகம் அகப்பட்டன. தேவையில்லாத ஊசி, கத்தி, முடிவு வரும்வரை கலங்கிய நாட்கள்.

அதன்பின் அறிவுரைக்கு இறங்குமுகம்தான். 2015-ல், அதைப் பெற்று வளர்த்த அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே கைவிட்டுவிட்டது. இதைக் கேட்டுச் சிலர், ‘இனித் தொட்டே பார்க்க வேண்டாம்’ என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியில்லை. தோற்றது நாள் குறித்துச் செய்யும் சடங்கு, விரல் அல்ல. பயிற்சி பெறாத ஷாங்காய்ப் பெண்களும் மாற்றத்தைக் கண்டால் டாக்டரிடம் போகத்தானே செய்திருப்பார்கள்?

பிரிட்டனில் 1990-களிலேயே அறிவுரை உருமாறியிருந்தது. தேதி, அட்டவணை எதுவும் வேண்டாம். குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ உங்கள் இயல்பைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், மாறினால் காட்டுங்கள். எனக்கு இதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. காட்ட வேண்டிய மாற்றங்கள் இவை: புதிதாக ஒரு கட்டி அல்லது தடிப்பு, ஒரு பக்கம் மட்டும் அளவோ வடிவமோ மாறுவது, ஆரஞ்சுத் தோல் போலக் குழி விழுவது, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, ஆறாத சொறி, அக்குளில் நெறிகட்டுவது. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயாக இருப்பதில்லை. ஆனால் ‘வலிக்கவில்லையே, பிறகு பார்ப்போம்’ என்கிற நம் வீட்டுச் சமாதானம் ஆபத்து. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

மும்பையில் இதே தொடுதல் இன்னொருவர் கைக்குப் போனது. டாட்டா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை பெண்களைக் கையால் பரிசோதித்தார்கள். ஒப்பீட்டுக் குழுவையும் சேர்த்து ஒன்றரை லட்சம் பெண்கள். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தபோது, இறப்பு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 50 வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. 2021-ல் இந்த முடிவு வெளியாவதற்கு முன்பே, 30 முதல் 65 வயதுவரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை கைப்பரிசோதனை என்று மத்திய அரசு வழிகாட்டுதல் வகுத்துவிட்டது. நடுவில் இருக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு அவரவர் கைதான்.