மாஞ்சோலை: யாருடைய விருப்பம், யாருடைய ஓய்வு?

நாகல் நகரில் மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "மாஞ்சோலைக்காரங்களே கையெழுத்துப் போட்டுத்தானே பணம் வாங்குனாங்க, இதுல என்ன அநியாயம்?" நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் 95 வருட வரலாறு இருக்கிறது.

1929இல் சிங்கம்பட்டி ஜமீன், மேற்குத் தொடர்ச்சி மலையில் 8,373 ஏக்கருக்கு மேல் காட்டைப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. காட்டை வெட்டித் தேயிலைத் தோட்டமாக்கக் கூலிகள் தேவைப்பட்டார்கள். மலையேறியவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்குப் போனது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று நான்கு தலைமுறை லயன் வீடுகளிலேயே பிறந்து வளர்ந்தது.

கூலி உயர்வு கேட்டுப் போராடியபோது நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையில் அடைத்தார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன பேரணியைப் போலீஸ் தடியால் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள், ஒரு குழந்தை உட்பட. அந்த வருடம் பிறந்திராத தோழர்கள் இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. நிலம் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. கம்பெனி 2024ஆம் ஆண்டு நடுவிலேயே விருப்ப ஓய்வு அறிவித்து, சில வாரக் கெடுவில் கையெழுத்துக் கேட்டது.

இங்கேதான் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டப்படி, 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த தோட்டத்தில் ஆட்குறைப்புச் செய்ய அரசின் முன் அனுமதி தேவைப்பட்டது. தோட்டத்தையே மூடுவதற்கும் அனுமதி தேவைப்பட்டது. அனுமதி கேட்டிருந்தால் அரசு விசாரித்திருக்கும், தொழிலாளி தன் பக்கத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே சட்டத்தில், தானாக ஓய்வு பெறுவது 'ஆட்குறைப்பு' என்ற வரையறைக்குள் வரவில்லை. பெயரை மாற்றிவிட்டால் விசாரணைக்கே வேலையில்லை!

தொகை சின்னதா பெரிதா என்பதல்ல என் கேள்வி. தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது அப்போது 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளியின் கடமையாக இருந்தது. ஆகவே வேலை போனால் வீடும் போகும். கீழே சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவரிடம் தாளை நீட்டி 'விருப்பமா?' என்று கேட்பதில் எங்கே இருக்கிறது விருப்பம்? கம்பெனிக்கு நிலத்தைத் திருப்பித் தரும் கடமை உண்டு, மறுக்கவில்லை. நிலத்துக்குத் தேதி குறித்த குத்தகைப் பத்திரம் இருந்தது. மனிதர்களுக்கு அப்படி ஒரு பத்திரத்தை யாரும் எழுதவில்லை, அரசும்கூட.

தோட்டத்தை அரசின் டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்டவர்களின் மனுவை 2024 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்கவில்லை.

இது மலைக்கு மட்டுமான சங்கதியும் அல்ல. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பில் அந்த 100 என்பது 300 ஆகிவிட்டது. நம் திண்டுக்கல் பக்கத்தில் 300 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நூற்பாலைகள் இனி அனுமதி கேட்கவே தேவையில்லை. உங்கள் வீட்டில் யாராவது மில்லுக்குப் போகிறார்கள் என்றால், நீட்டப்படும் தாளில் 'ராஜினாமா' என்று இருக்கிறதா, 'ஆட்குறைப்பு' என்று இருக்கிறதா என்பதைப் படித்த பிறகே பேனாவை எடுக்கச் சொல்லுங்கள்.