கீமோவுக்கு ‘சரி’ சொல்வதற்கு முன்... மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை!

பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்றைக்கே வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ‘என்ன செலவானாலும் பரவாயில்ல, இருக்கறதுலயே ஸ்ட்ராங்கான கீமோவைப் போடச் சொல்லு’ என்பது ஒரு கட்சி. ‘கீமோ போட்டா ஆளே உருக்குலைஞ்சு போயிடுவா, வேற ஏதாவது வழி பாருங்க’ என்பது இன்னொரு கட்சி. நடுவில், ரிப்போர்ட்டை போனில் ஜூம் செய்து பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அது அம்மாவின் ரிப்போர்ட்டாக இருக்கலாம், அக்காவின் ரிப்போர்ட்டாக இருக்கலாம், உங்களுடையதாகவே இருக்கலாம்.

இரண்டு கட்சியும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. கீமோ என்பது ஒற்றை மருந்து அல்ல. ‘ஸ்ட்ராங்’, ‘மைல்டு’ என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. கட்டியின் வகைதான் பாதி முடிவை எடுக்கிறது. மீதிப் பாதியில் நோயாளியின் உடல்நிலைக்கும் வயதுக்கும் விருப்பத்துக்கும் இடம் இருக்கிறது. அந்த இடத்தைத் தெரிந்துகொண்டு டாக்டரிடம் பேசத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த மூன்றைத் தேடுங்கள்

பயாப்சியோடு வரும் ஐ.ஹெச்.சி ரிப்போர்ட்டில் ஈ.ஆர், பி.ஆர், ஹெர்-2 என்று மூன்று பெயர்கள் இருக்கும்.

ஈ.ஆர், பி.ஆர் பாசிட்டிவ் என்றால், அந்தக் கட்டி ஹார்மோனைத் தீனியாக எடுத்து வளர்கிறது. இவர்களுக்கு டமாக்சிபென், லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகளே பெரிய ஆயுதம்.

ஹெர்-2 ஒரு புரதம். ஸ்கோர் 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்று வந்தால் அது இரண்டுங்கெட்டான். ‘ஃபிஷ்’ என்ற இன்னொரு டெஸ்ட் எடுத்துத்தான் உறுதிசெய்ய முடியும். அந்த முடிவு வருவதற்கு முன் மருந்து முடிவாகிவிட்டால், காரணத்தைக் கேளுங்கள்.

மூன்றும் நெகட்டிவ் என்றால் ‘டிரிபிள் நெகட்டிவ்’. இதில் ஹார்மோன் மாத்திரை வேலை செய்யாது என்பதால், கீமோவின் பங்கு மிக அதிகம். இவற்றோடு கட்டியின் அளவு, கிரேடு, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்பதும் சேர்ந்துதான் கணக்கு.

கீமோ எல்லோருக்கும் தேவையா?

இல்லை. ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாத நிலை... இந்த மூன்றும் பொருந்தினால் ‘ஆன்கோடைப் டி.எக்ஸ்’ என்ற மரபணு டெஸ்ட் உதவும். கட்டியின் 21 மரபணுக்களைப் பார்த்து, 0 முதல் 100 வரை ஒரு ஸ்கோர் கொடுப்பார்கள்.

இதை வைத்து 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட ‘டெய்லர்-எக்ஸ்’ ஆய்வின் முடிவு 2018-ல் வெளியானது. ஸ்கோர் 11 முதல் 25 வரை இருந்தவர்களில், ஹார்மோன் சிகிச்சை மட்டும் எடுத்தவர்களும் கூடவே கீமோ எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நன்றாக இருந்தார்கள். ஆனால் 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில், ஸ்கோர் 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் கீமோவால் ஓரளவு பலன் தெரிந்தது. ஆக, அம்மாவுக்குத் தேவைப்படாத கீமோ, அதே ஸ்கோர் வந்த மகளுக்குத் தேவைப்படலாம். இந்த டெஸ்ட்டின் விலை அதிகம். பெங்களூருவில் உருவாக்கப்பட்ட ‘கேன்அசிஸ்ட் பிரெஸ்ட்’ போன்ற மாற்று டெஸ்ட்டுகளும் இருக்கின்றன. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுப்பாருங்கள்.

டாக்டர் சொல்லும் அந்தச் சுருக்கெழுத்துகள்

* ஏ.சி-டி: டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு சேர்ந்த மருந்து 4 முறை. அதன் பிறகு பேக்லிடேக்ஸல். இதை வாரம் ஒன்றாக 12 வாரங்கள் கொடுப்பது வழக்கமான முறைகளில் ஒன்று. டாக்ஸோரூபிசின்தான் அந்தப் பிரபலமான சிவப்பு மருந்து. ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், பதற வேண்டாம். ஆனால் இது இதயத்தைப் பாதிக்கக்கூடியது. தொடங்கும் முன் எக்கோ எடுப்பது அதனால்தான்.

* டி.சி: டோசிடாக்ஸல், சைக்ளோபாஸ்பமைடு. பெரும்பாலும் 3 வாரத்துக்கு ஒருமுறை, 4 சைக்கிள். சிவப்பு மருந்து இதில் இல்லை என்பதால் இதயத்துக்குக் கவலை குறைவு.

* டி.சி.ஹெச்: ஹெர்-2 பாசிட்டிவ் ஆட்களுக்கு. டோசிடாக்ஸல், கார்போபிளாட்டினோடு டிராஸ்டுஜுமாப் சேரும். கீமோ 6 சைக்கிளில் முடிந்தாலும் டிராஸ்டுஜுமாப் மொத்தம் ஓராண்டு தொடரும். கட்டி சிறியது, முடிச்சுகளிலும் இல்லை என்றால், 12 வார பேக்லிடேக்ஸலோடு டிராஸ்டுஜுமாப் என்ற எளிய வழியும் உண்டு.

* டிரிபிள் நெகட்டிவ் என்றால்: ஏ.சி-டி-யோடு கார்போபிளாட்டினும் பேசப்படும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வில், 50 வயது வரையிலான பெண்களுக்கு இதனால் பலன் தெரிந்தது. பெம்ப்ரோலிஜுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தும் இருக்கிறது. விலைதான் பெரிய தடை.

‘ஏன் ஆபரேஷனுக்கு முன்னாடியே கீமோ?’ என்றும் பலர் பயப்படுகிறார்கள். நோய் முற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. கட்டி சுருங்கினால் மார்பை முழுதாக எடுக்காமல் காப்பாற்ற வாய்ப்பு கூடும். மருந்து வேலை செய்கிறதா என்பதும் கண்கூடாகத் தெரியும். மிச்சம் இருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு வேறு மருந்து கொடுக்க வழி கிடைக்கும்.

சதவிகிதத்தை இப்படிக் கேளுங்கள்

‘எது பெஸ்ட்?’ என்று கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் வரும். ‘என்னை மாதிரி 100 பேர்ல, இந்த மருந்தால கூடுதலா எத்தனை பேருக்குப் பலன்?’ என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே மாறும்.

ஓர் உதாரணம். ஹெர்-2 நெகட்டிவ் பெண்களிடம் டி.சி-யையும், சிவப்பு மருந்து சேர்ந்த கீமோவையும் ஒப்பிட்ட ‘ஏ.பி.சி’ ஆய்வுகள் 2017-ல் வெளியாகின. 4 ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 88.2%, இரண்டாம் பிரிவில் 90.7%. அதாவது 100 பேரில் இரண்டு, மூன்று பேர் வித்தியாசம். டிரிபிள் நெகட்டிவ் ஆட்களிடமும், முடிச்சுகளுக்குப் பரவியவர்களிடமும் இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. ஹார்மோன் பாசிட்டிவ், முடிச்சு நெகட்டிவ் என்றால் கிட்டத்தட்ட காணவில்லை. ஏற்கெனவே இதயப் பிரச்னை உள்ள 62 வயது அம்மாவுக்கும், டிரிபிள் நெகட்டிவ் உள்ள 33 வயதுப் பெண்ணுக்கும் ஒரே பதில் வராது என்பது இப்போது புரியும்.

வாயைத் திறந்து சொல்ல வேண்டியவை

குழந்தை: இனிமேல் குழந்தை வேண்டும் என்ற ஆசை இருந்தால், முதல் டோஸுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் இதைக் கேட்கவே பலர் தயங்குவார்கள். கருமுட்டையை உறையவைக்க சுமார் 2 வாரங்கள் போதும். சினைப்பையைக் காக்க மாதம் ஒருமுறை போடும் கோசெரலின் ஊசியும் உண்டு.

வேலை: பேக்லிடேக்ஸலால் கை, கால் விரல்கள் மரத்துப்போகலாம். தையல், டைப்பிங், நர்ஸ் வேலை என்றால் அது சம்பாத்தியத்தையே தொடும் விஷயம். சர்க்கரை நோயால் ஏற்கெனவே பாதம் எரிகிறது என்றால் கட்டாயம் சொல்லுங்கள்.

தூரம்: வாராவாரம் வர முடியுமா, 3 வாரத்துக்கு ஒருமுறைதான் முடியுமா? பஸ் நேரமும் துணைக்கு வரும் ஆளும்கூட மருத்துவக் காரணங்கள்தான்.

பணம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பெற முடியும். எந்தெந்த மருந்து அதில் வரும் என்று முதலிலேயே கேளுங்கள். பாதியில் நிறுத்தும் விலையுயர்ந்த சிகிச்சையைவிட, முழுதாக முடிக்கும் சிகிச்சை நல்லது.

நாட்டு மருந்து: கஷாயம், லேகியம் என எது எடுத்தாலும் மறைக்காதீர்கள். சில மருந்துகள் கீமோவோடு மோதும்.

எவ்வளவு நாள் யோசிக்கலாம்?

ஒரு வாரம், பத்து நாள் எடுத்து இன்னொரு டாக்டரைப் பார்ப்பதால் வாய்ப்பு நழுவிவிடாது. செகண்ட் ஒப்பீனியன் கேட்பது டாக்டரை அவமதிப்பதும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது ஆபத்து. ஆபரேஷன் முடிந்திருந்தால் பொதுவாக 4 முதல் 6 வாரங்களுக்குள் கீமோ தொடங்குவார்கள்.

எந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு விதி பொது: காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. எந்த எண்ணுக்கு போன் செய்வது என்று முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கன்சல்டேஷனுக்குத் துணைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்விகளை போனில் நோட் செய்து எடுத்துப் போங்கள், பதில்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ‘உங்களுக்கு என்ன தோணுது?’ என்று டாக்டர் கேட்கும்போது நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். ஊசி ஏறப்போவது யார் கையிலோ, அவர் பேசட்டும்.