கூடத்தாயில் திறந்த கல்லறைகள்

திருவனந்தபுரம், 2024 ஆகஸ்ட் 16. கேரள மாநிலத் திரைப்பட விருதுகளை அமைச்சர் சஜி செறியான் அறிவித்தார். சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர், ‘முந்தானை முடிச்சு’ நாளிலிருந்து நமக்குத் தெரிந்த ஊர்வசி. படம் ‘உள்ளொழுக்கு’. இயக்குநர் கிறிஸ்டோ டோமிக்கு அதுதான் முதல் முழுநீளக் கதைப்படம். ஆனால் அது திரைக்கு வர ஆறு மாதம் இருக்கும்போதே, ஒரு கொலை வழக்கு ஆவணப்படத்தால் அவர் பெயர் பரவிவிட்டது.

கேரளத்தில் கொலை வழக்கு என்றால் போலீஸுக்குப் பின்னாலேயே சினிமாக்காரர்களும் வந்துவிடுவார்கள். 1966 மாடத்தருவி கொலைக்கு மறு வருடமே இரண்டு படங்கள்!

டோமியின் ஆவணப்படம் சொல்லும் வழக்கு நடந்த கூடத்தாய், கோழிக்கோடு மாவட்டத்து ஊர். 2002 முதல் 2016 வரை ஒரே உறவு வட்டத்தில் ஆறு பேர் இறந்தார்கள். 2011இல் இறந்தவரின் உடலில் சயனைடு இருந்ததைப் பிரேதப் பரிசோதனை சொல்லியும், தற்கொலை என்று கோப்பை மூடிவிட்டார்கள். 2019 அக்டோபர் 4 அன்று கல்லறைகளைத் தோண்டினார்கள். மறுநாள், 2011இல் இறந்தவரின் மனைவி ஜோளி கைதானார். 2020 ஜனவரிக்குள் தொலைக்காட்சித் தொடரே வந்து, உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட வேண்டியதாயிற்று.

கொல்கத்தா சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரியில் படித்து, குறும்படங்களுக்குத் தேசிய விருது வாங்கியிருந்த டோமி அவசரப்படவில்லை. அவருடைய ‘கறி அண்ட் சயனைட்’ நெட்ஃபிளிக்ஸில் வந்தது 2023 டிசம்பர் 22இல்தான். ஜோளியின் நாத்தனார் உட்கார்ந்து பேசுகிறார். மூத்த மகன் பேசுகிறான். இறந்தவருக்கும் அவன் மகன், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அவனே மகன். அவன் முகம் இருக்கும்போது திகில் இசை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. படம் முடிந்தாலும் வழக்கு முடியவில்லை. தோண்டியெடுத்த நான்கு உடல்களின் எச்சங்களில் சயனைடு தென்படவில்லை என்றது மத்தியத் தடயவியல் ஆய்வு.

‘உள்ளொழுக்கு’க்கு வருவோம். குட்டநாட்டு வெள்ளம் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. இறந்தவனைப் புதைக்க, தண்ணீர் வடியக் காத்திருக்கிறார்கள் தாயும் மனைவியும். அதற்குள் வீட்டு ரகசியங்கள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. கூடத்தாயைப் பார்த்து எழுதியதோ என்று நினைக்கத் தோன்றும். அந்தத் திரைக்கதை மும்பையில் ஒரு போட்டியில் முதல் பரிசு வாங்கியது 2018இல். அப்போது கூடத்தாயில் ஒரு கல்லறையும் திறக்கப்படவில்லை.