ஆணி குத்தாத பாதம்: ஒரு சான்றின் மறுவாசிப்பு

வலி என்பது மூளையின் கணிப்பே என வாதிடுவோர் தவறாமல் எடுத்துக்காட்டுவது, 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு பத்திக் குறிப்பு. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி 15 சென்டிமீட்டர் ஆணிமீது குதித்துவிட்டார். ஆணி பூட்ஸுக்குள் ஏறிவிட்டது. லேசாக அசைந்தாலும் வலி. கழற்றிப் பார்த்தால், ஆணி விரல்களுக்கிடையே புகுந்திருந்தது. பாதத்தில் காயமே இல்லை.

இதற்கு வழக்கமான வாசிப்பு ஒன்று உண்டு: காயமின்றியே வலி வந்தது, உண்மை தெரிந்ததும் போனது, எனவே நம்பிக்கையைத் திருத்தினால் நாட்பட்ட வலியும் தணியும். முதற்கூற்றை ஓரளவு ஏற்கலாம். இரண்டாவதற்குக் குறிப்பில் ஆதாரம் இல்லை.

நிகழ்வுகளின் வரிசையைப் பாருங்கள். முதலில் ஃபென்டனிலும் மிடசோலாமும் தரப்படுகின்றன. அடுத்து ஆணி கீழிருந்து உருவப்படுகிறது. அதன்பிறகே பூட்ஸ் கழற்றப்படுகிறது. பாதம் கண்ணில் பட்டபோது, வலுவான ஓபியாய்டு மருந்து ஏற்கெனவே உடலுக்குள் இருந்தது. அசைந்து வலித்த ஆணியும் வெளியே வந்துவிட்டது. வலி நின்றது மருந்தாலா, ஆணி நீங்கியதாலா, உண்மை தெரிந்ததாலா என்று பிரித்தறிய வழியில்லை. ஆசிரியர்கள் வியப்பதும் காயமற்ற பாதத்தைக் கண்டுதான் என்றே நான் வாசிக்கிறேன். காயம் இல்லை என்பதாலேயே, விரலிடுக்கில் ஆணி அழுத்தவில்லை என்றும் ஆகிவிடாது.

'இது பாடம் நடத்தச் சொல்லும் கதைதானே' என்பார்கள். அதனால்தான் கவலை: வகுப்பறைக் கதையே ஆலோசனை அறையில் அறிவுரையாகிறது. 'ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க' என்று கேட்டபின்பும் வலியோடு வீடு திரும்பும் நோயாளி, அந்தக் கதைக்கு நேர் எதிர்ச்சான்று. அங்கே உண்மை தெரிந்துவிட்டது, வலி போகவில்லை.

இதை விளக்கத் தகுந்த இடம் வேறு. கிளிஃபர்ட் உல்ஃப் 1983இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், மூளையின் மேற்பகுதி துண்டிக்கப்பட்ட எலிகளில்கூடக் காயத்துக்குப்பின் தண்டுவட அனிச்சைவினை மிகையாவது தெரிந்தது. அங்கே திருத்துவதற்கு நம்பிக்கை எது? எலியின் அனிச்சைவினையை மனிதரின் வலி அனுபவமாகக் கொள்ள முடியாதுதான். ஆனால் எண்ணத்தின் துணையின்றியே நரம்பு மண்டலம் கூருணர்வு கொள்ளும் என்பதற்கு அது போதும்.

மனத்துக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதைகள் வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. அச்சமும் கவனமும் அவற்றின் வழியே செயல்படக்கூடும். ஆனால் அது கூட்டிக்குறைக்கும் பங்கு. நிறுத்தும் விசை அன்று. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வரையறைக் குறிப்புகள், வலி என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்கின்றன. ஆணிக் கதையை மருந்தையும் சேர்த்துச் சொல்வது அந்த மதிப்பின் முதல் படி.