முகப்பருவுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை: எத்தனை மாசம் சாப்பிடலாம்? எப்போ நிறுத்தணும்?

முகத்துல பரு வந்தா முதல்ல மஞ்சள். அடுத்து பக்கத்து வீட்டு அக்கா சொன்ன க்ரீம். அதுக்கும் கேக்கலைன்னா மெடிக்கல் ஷாப். சென்னிமலை, பெருந்துறை, காங்கேயம் பக்கம் பல வீடுகளில் முகப்பரு வைத்தியம் இந்த வரிசையில்தான் நடக்கிறது. கடைசியில் தோல் டாக்டரைப் பார்க்கும்போது பலருக்கும் கிடைக்கும் மருந்துச் சீட்டில் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை இருக்கும்.

அதன் பிறகு இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. "ரெண்டு வாரமா போடறேன், ஒண்ணுமே மாறலீங்க" என்று சிலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர், நல்லா கேட்டுச்சே என்று பழைய சீட்டைக் காட்டியே ஏழெட்டு மாதம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இந்த மாத்திரை எப்படி வேலை செய்யுது, சாப்பிடும்போது உடம்புல என்னென்ன நடக்கும், எப்போ நிறுத்தணும்? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த மாத்திரை? யாருக்கு?

முகப்பருவுக்கு அதிகம் எழுதப்படுவது டாக்சிசைக்ளின். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தினமும் 100 மி.கி. மினோசைக்ளின், லைமிசைக்ளின் ஆகியவையும் இதே டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அசித்ரோமைசின் தரப்படுவதும் உண்டு.

இந்தக் குடும்பத்துக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு இருக்கிறது. டெட்ராசைக்ளின் வகையில் முதல் மருந்தான ஆரியோமைசின், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டு 1948-ல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பரு வந்த எல்லோருக்கும் இந்த மாத்திரை தேவையில்லை. கரும்புள்ளி, வெண்புள்ளி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னப் பரு என்றால் தடவும் மருந்தே போதும். சிவந்து, சீழ் வைத்து, முகம் முழுக்கவோ நெஞ்சு, முதுகு வரைக்குமோ பரவும்போதுதான் மாத்திரை பற்றிய பேச்சு வரும்.

டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் உண்டு. முகம் வெளுக்க என்று ஏதாவது க்ரீம் போட்டீர்களா என்பதை மறைக்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீமை முகத்தில் தொடர்ந்து தடவினாலே பரு வரும். மருந்துச் சீட்டு இல்லாமல் இவற்றை விற்பதைத் தடுக்க 2018-ல் மத்திய அரசு விதிகளைக் கடுமையாக்கியது. அந்த க்ரீமை விடாமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் காசுதான் போகும். அதே நேரம், அதைத் திடீரென நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கலாம். டாக்டர் சொல்படி நிறுத்துவதே நல்லது.

மாத்திரை உள்ளே போய் என்ன செய்யுது?

பரு உருவாக நான்கு காரணங்கள் சேர வேண்டும்: எண்ணெய் அதிகம் சுரப்பது, தோலின் துளை அடைபடுவது, அதற்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா பெருகுவது, அதனால் வரும் வீக்கம்.

ஆன்டிபயாடிக் மாத்திரை இதில் பாக்டீரியாவைக் குறைக்கிறது, வீக்கத்தையும் தணிக்கிறது. எண்ணெய் சுரப்பதையோ துளை அடைபடுவதையோ அது தொடுவதே இல்லை. அதனால்தான் மாத்திரையை மட்டும் சாப்பிட்டு நிறுத்தினால் கொஞ்ச நாளில் பரு திரும்ப வருகிறது. கூடவே அடாப்பலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற தடவும் மருந்தையும் டாக்டர் எழுதித் தருவது இதற்காகத்தான். ஜெல்லை வாங்காமல் மாத்திரையை மட்டும் வாங்கி வருவது பாதி வைத்தியம்.

வாரவாரியா என்ன எதிர்பார்க்கலாம்?

முதல் 2 வாரம்: முகத்தில் பெரிய மாற்றம் தெரியாது. வயிற்றில்தான் முதலில் தெரியும். குமட்டல், லேசான வயிற்றுவலி, சிலருக்கு வயிற்றுப்போக்கு. கூடவே ஜெல் தடவுபவர்களுக்குத் தோல் காய்ந்து எரியும். பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

3 முதல் 6 வாரம்: புதுசாக வரும் சீழ்ப் பருக்கள் குறையத் தொடங்கும். ஒரு வாரம் நன்றாக இருந்து அடுத்த வாரம் இரண்டு பரு வந்தாலும் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன்னால் கொஞ்சம் கூடுவதும் சகஜம்.

8 முதல் 12 வாரம்: வித்தியாசம் நன்றாகத் தெரிய வேண்டிய நேரம் இது. 12-வது வாரம் டாக்டரை மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பரு அமுங்கியிருக்கும், ஆனால் அது இருந்த இடத்தில் கறுப்புத் தடம் இருக்கும். "இன்னும் முகம் தெளியலியே" என்று மாத்திரையைத் தொடர்வார்கள். அந்தத் தடத்தில் பாக்டீரியா கிடையாது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது மறையப் பல மாதம் ஆகலாம். தடத்துக்கும் பள்ளத்துக்கும் ஆன்டிபயாடிக் மருந்தே கிடையாது. அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது.

தொண்டை, வெயில், பெட்ஷீட்: தினமும் கவனிக்க வேண்டியவை

டாக்சிசைக்ளின் சாப்பிடுபவர்கள் அதிகம் சொல்லும் புகார்களில் ஒன்று நெஞ்செரிச்சல். ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு வாய் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தால் அது உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். அடுத்த நாள் எச்சில் முழுங்கவே வலிக்கும். சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் நிறைய தண்ணீரோடு போடுங்க. அரை மணி நேரமாவது படுக்காதீங்க.

அடுத்தது வெயில். இந்த மாத்திரை சாப்பிடும்போது தோல் வெயிலைத் தாங்காது. வழக்கமான வெயிலுக்கே முகமும் கையும் சிவந்து எரியும். சாயம் போட்ட நூலை வெளியில் காயப்போடுபவர்கள், தோட்டத்து வேலை செய்பவர்கள், டூவீலரில் கம்பெனிக்குப் போகிறவர்கள் இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சென்னிமலை முருகன் கோயில் படிக்கட்டு 1,320 படி. மாத்திரை சாப்பிடும் நாளில் உச்சி வெயிலில் ஏறுவதைவிட விடியக்காலையில் ஏறுவது நல்லது. தொப்பி, துப்பட்டா, சன்ஸ்கிரீன் மூன்றும் உதவும்.

மூன்றாவதாக, கைத்தறி ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. மாத்திரையோடு தரப்படும் பென்சாயில் பெராக்சைடு ஜெல் துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும். கலர் பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எதில் பட்டாலும் திட்டுத் திட்டாக நிறம் போகும். அது முகத்தை ஒன்றும் செய்யாது. ஜெல் போடும் நாட்களில் தலையணைக்கு வெள்ளை உறை போட்டால் போதும்.

சில பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வரும். ஆன்டிபயாடிக்கால் நல்ல பாக்டீரியாவும் குறைந்து, பூஞ்சை பெருகுவதால் வருவது இது. கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம், எளிதாகச் சரிசெய்துவிடலாம்.

எதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது?

இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அசிடிட்டிக்குக் குடிக்கும் சிரப் ஆகியவை டாக்சிசைக்ளினோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. பள்ளிகளில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. அதை நிறுத்தத் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் 2, 3 மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். பாலும் கொஞ்சம் குறைக்கும் என்பதால் மாத்திரையைப் பாலோடு விழுங்காமல் தண்ணீரோடு விழுங்குங்கள்.

கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் மாத்திரையை டெட்ராசைக்ளின் வகையோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது. மூளையைச் சுற்றி அழுத்தம் கூடும் ஆபத்து இருக்கிறது. இரண்டு டாக்டரிடம் காட்டினால் இரண்டு சீட்டையும் எடுத்துப் போங்க.

ஏன் 3 மாசத்துக்கு மேல கூடாது?

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 12-வது வாரத்தில் மறுபரிசோதனை செய்யச் சொல்கிறது. தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் 6 மாதத்தைத் தாண்டக் கூடாது என்றும், ஆன்டிபயாடிக்கை மட்டும் தனியாகத் தரக் கூடாது என்றும் சொல்கிறது. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் 2024 வழிகாட்டுதலும் மாத்திரைக் காலத்தைச் சுருக்கச் சொல்கிறது. மருத்துவர்கள் பொதுவாக வைக்கும் கணக்கு 3 முதல் 4 மாதம்.

காரணம், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா. தொடர்ந்து ஆன்டிபயாடிக் பட்டால் அதைத் தாங்கும் கிருமிகள் மட்டும் தப்பிப் பெருகும். பருவை உண்டாக்கும் பாக்டீரியாவில் மட்டும் இது நடப்பதில்லை. மூக்கு, தொண்டை, குடலில் இருக்கும் மற்ற கிருமிகளுக்கும் அதே பயிற்சி கிடைக்கிறது. அசித்ரோமைசினுக்கு அடங்காத பரு பாக்டீரியா இந்திய ஆய்வுகளிலேயே கணிசமாகக் காணப்பட்டிருக்கிறது. உலக அளவில் 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழ் 2022-ல் மதிப்பிட்டது.

நம்ம ஊருக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸ் வந்தவரின் உயிரைக் காப்பாற்றும் முக்கிய மருந்துகள் எவை தெரியுமா? அதே டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும்தான். கடுமையான நிலையில் இரண்டையும் ஊசி மூலம் சேர்த்துக் கொடுத்தால் பலன் அதிகம் என்று வேலூர் சிஎம்சி தலைமையில் பல இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. காட்டிலும் தோட்டத்திலும் வேலை பார்க்கும் ஒருவருக்கு உயிர் மருந்தாக இருப்பதை, கல்யாணத்துக்கு முன்னால் முகம் தெளியட்டும் என்று கணக்கில்லாமல் சாப்பிடுவது சரியா என்று யோசிக்க வேண்டும்.

மெடிக்கல்ல சீட்டு இல்லாம தரலாமா?

தரக் கூடாது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டுமே மருந்துச் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய ஷெட்யூல் எச் மருந்துகள். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது என்ற பிரசாரத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் தொடங்கியது. 2024 ஜனவரியில் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம், ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக என்ற காரணத்தையும் சீட்டில் எழுதுமாறு டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. சீட்டு இல்லாமல் கொடுக்க வேண்டாம் என்று மருந்துக் கடைகளையும் கேட்டுக்கொண்டது.

ஆனால் நடைமுறைச் சிக்கலும் உண்மைதான். தறி நின்றால் கூலி நின்றுவிடும். தோல் டாக்டரைப் பார்க்க ஈரோடு போய்வர ஒரு நாள் போய்விடும் என்பதால்தான் பலர் பழைய சீட்டையே நீட்டுகிறார்கள். பெருந்துறையில் உள்ள அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதைவிடப் பக்கம். முதல் முறை பார்க்கும்போதே 12 வாரம் தள்ளி வரும் தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிவிட்டால் நடுவில் அலைய வேண்டியதில்லை.

மாத்திரையை நிறுத்தின பிறகு?

ஆன்டிபயாடிக் நின்றாலும் தடவும் மருந்து நிற்கக் கூடாது. அடாப்பலீன் அல்லது பென்சாயில் பெராக்சைடைப் பல மாதம் தொடர்ந்தால்தான் பரு திரும்பாமல் இருக்கும். 12 வாரத்தில் பலன் இல்லை என்றால் அதே மாத்திரையை நீட்டாமல் வேறு வழிக்கு மாற வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் ரோமமும் இருந்தால் பிசிஓஎஸ் பரிசோதனை தேவைப்படலாம். அவர்களுக்கு ஹார்மோன் சார்ந்த சிகிச்சையே சரியாக இருக்கும்.

யார் சாப்பிடக் கூடாது? எப்போ உடனே டாக்டரைப் பார்க்கணும்?

கர்ப்பிணிகளும், 8 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளும் பருவுக்காக டெட்ராசைக்ளின் வகை மாத்திரை சாப்பிடக் கூடாது. வளரும் பல்லில் நிரந்தரக் கறை விழலாம். புதிதாகக் கல்யாணமானவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் அசித்ரோமைசினுக்கு முன் அதைச் சொல்ல வேண்டும்.

கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்:

- விடாத தலைவலி, கண் மங்கல்
- உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல், முகம் வீங்குவது, மூச்சுத் திணறல்
- கண், தோல் மஞ்சளாவது
- ரத்தம் கலந்த அல்லது நிற்காத வயிற்றுப்போக்கு
- விழுங்கும்போது நெஞ்சில் கடும் வலி
- மினோசைக்ளின் சாப்பிடுபவர்களுக்கு மூட்டுவலி, தோலில் நீலச் சாம்பல் நிறத் திட்டு

டாக்டரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. இந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்தணுங்க?
2. கூடவே தடவ என்ன மருந்து? அதை எத்தனை மாசம் தடவணும்?
3. நான் சாப்பிடுற மற்ற மாத்திரையோட இது சேருமா?
4. 12 வாரத்துல குறையலைன்னா அடுத்து என்ன?

முதல் கேள்விக்கான பதிலை மாத்திரை அட்டையின் பின்பக்கம் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அட்டை வாங்கலாமா வேண்டாமா என்ற குழப்பம் வராது.